97 தோல்விகள்: ரகுடென் ஈகிள்ஸ் அணியின் முதல் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் தொஹோகு ரகுடென் கோல்டன் ஈகிள்ஸ் என்ற பேஸ்பால் அணி 2005இல் தன் முதல் சீசனை ஆடியது. 136 ஆட்டங்களில் 38 வெற்றி, 97 தோல்வி, ஒரு டிரா. அந்த வருஷத்தைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எனக்கு இந்த அணி மேல் பிரியம் உண்டு. அதை மறைத்து எழுதவில்லை.

பேஸ்பால் எனக்குத் தெரியாது. 38க்கு 97 என்பது எவ்வளவு மோசம்?

பேஸ்பாலில் சாம்பியன் அணியே பத்து ஆட்டத்துக்கு நாலு தோற்கும். கடைசி இடத்தில் கிடக்கும் அணிகூடப் பத்துக்கு நாலு ஜெயித்துவிடும். தினமும் ஆடும் விளையாட்டு அது, வாரத்துக்கு ஆறு ஆட்டம். நேற்று நொறுக்கப்பட்ட அணி இன்று வேறு ஒரு பிட்சரை (பந்து வீசுபவரை) இறக்கி ஜெயிக்கும். அதனால் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடைவெளி பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

ரகுடென் அந்த வருஷம் ஜெயித்த விகிதம் .281. அதாவது பத்துக்கு மூன்றுகூட இல்லை. லீக் சுற்றில் முதலிடம் பிடித்த சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் 89 ஆட்டம் ஜெயித்தது. அவர்களுக்கும் ரகுடெனுக்கும் இடையே 51.5 ஆட்ட வித்தியாசம் (வெற்றியில் உள்ள வித்தியாசம், தோல்வியில் உள்ள வித்தியாசம் இரண்டின் சராசரி). அது போகட்டும், ஐந்தாவது இடத்தில் வந்த நிப்பான்-ஹாம் அணிக்கும் ஆறாவதாக வந்த ரகுடெனுக்கும் இடையிலேயே 25 ஆட்டம். ஆறு அணிகள் கொண்ட லீக்கில் ஐந்து பேர் ஒரு போட்டியை ஆடினார்கள், ஆறாவது அணி தனியாக வேறொரு சீசனை ஆடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜப்பான் வரலாற்றிலேயே மிக மோசமான அணி இதுதானா?

இல்லை. 1961இல் கின்தெத்சு அணி 103 ஆட்டம் தோற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1962இல் புதிதாகத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ் 40 ஜெயித்து 120 தோற்றது. ஆனால் ரகுடென் கதைக்குள் கின்தெத்சு பெயர் இன்னொரு காரணத்துக்காக வரும். அந்த அணி இல்லாமல் போனதால்தான் ரகுடென் பிறந்தது.

புதிதாக ஒரு அணி ஏன் திடீரென்று தேவைப்பட்டது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் 97 தோல்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் இரண்டு லீக்குகளாக நடக்கிறது: சென்ட்ரல் லீக், பசிபிக் லீக். ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள். டோக்கியோவின் யோமியூரி ஜயன்ட்ஸ் இருப்பதால் சென்ட்ரல் லீக் பக்கம் டிவி பணம் கொட்டியது. பசிபிக் லீக் அணிகள் பல, தாய் நிறுவனத்தின் விளம்பரச் செலவு என்ற கணக்கில் நஷ்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஒசாகாவில் இருந்த கின்தெத்சு பஃபலோஸ் ஒரு ரயில் கம்பெனியின் அணி. ஆண்டுக்குச் சுமார் 400 கோடி யென் நஷ்டம் என்று அப்போது செய்திகளில் வந்தது. 2004 ஜூனில் அந்த நிறுவனம் கையை விரித்தது. கோபேயில் இருந்த ஓரிக்ஸ் புளூவேவ் அணியோடு பஃபலோஸை இணைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது.

இணைந்தால் பசிபிக் லீக்கில் ஐந்து அணிதான் மிஞ்சும். உரிமையாளர்கள் சிலர் அதோடு நிற்க விரும்பவில்லை. இன்னொரு ஜோடியையும் இணைத்து, மொத்தம் பத்து அணிகளோடு ஒரே லீக்காக மாற்றிவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரர்கள் சங்கத் தலைவராக இருந்தவர் யகுல்த் அணியின் கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) ஃபுருதா அத்சுயா. உரிமையாளர்களைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஜயன்ட்ஸ் உரிமையாளர் வதனாபே த்சுனேயோ "வெறும் ஆட்டக்காரர்கள்" என்கிற தொனியில் பேசியது நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது.

சங்கம் 2004 செப்டம்பர் 18, 19 சனி ஞாயிறு இரண்டு நாளும் வேலைநிறுத்தம் செய்தது. ஜப்பான் தொழில்முறை பேஸ்பாலில் அதுதான் முதல் வேலைநிறுத்தம். ஆட்டம் பார்க்க முடியாமல் போன ரசிகர்கள் ஆட்டக்காரர்கள் பக்கமே நின்றார்கள். ஃபுருதா டிவி நிகழ்ச்சி ஒன்றில் ரசிகர்களின் ஆதரவுச் செய்திகளைக் கேட்டுக் கண்கலங்கினார். சில நாளில் உரிமையாளர்கள் இறங்கி வந்தார்கள். இணைப்பு நடக்கும், ஆனால் 2005 சீசனுக்கே ஒரு புது அணியைச் சேர்க்க வழிவிடுவோம், இரண்டு லீக்கும் தொடரும் என்று உடன்பாடு ஆனது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் ரகுடென். முன்பு புது அணி சேர்க்கப்பட்டது 1954இல். நடுவில் ஐம்பது ஆண்டுகள்.

ரகுடென் ஒரு இணையக் கடைதானே? அவர்களுக்கு ஏன் கிடைத்தது?

போட்டியில் இரண்டு இணைய நிறுவனங்கள் இருந்தன. ஹோரியே தகாஃபுமி நடத்திய லைவ்டோர் முதலில் கின்தெத்சுவையே வாங்கப் பார்த்தது. மறுத்துவிட்டார்கள். பிறகு செண்டாய் நகரத்தில் புது அணி தொடங்குகிறேன் என்றது. மிகிதானி ஹிரோஷியின் ரகுடென் சற்றுப் பிந்தி வந்து, அதே செண்டாயைத் தேர்ந்தெடுத்தது. பணபலமும் நிலையான வருமானமும் ரகுடென் பக்கம் கூடுதல் என்று உரிமையாளர்கள் கருதினார்கள். 2004 நவம்பர் 2ஆம் தேதி ரகுடெனுக்கு அனுமதி கிடைத்தது. 2006 ஜனவரியில் லைவ்டோர் மீது கணக்கு மோசடி விசாரணை வந்து ஹோரியே கைதானார். செண்டாய்க்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

செண்டாய் எங்கே இருக்கிறது? அங்கே ஏன்?

டோக்கியோவுக்கு வடக்கே, மியாகி மாநிலத்தின் தலைநகர். அதைச் சுற்றியுள்ள ஆறு மாநிலங்களுக்கும் சேர்த்துத் தொஹோகு என்று பெயர்: அவோமொரி, இவாதே, அகிதா, மியாகி, யமகதா, ஃபுகுஷிமா. குளிர் அதிகம், விவசாயமும் மீன்பிடியும் பிழைப்பு, பிள்ளைகள் வேலை தேடித் தெற்கே போய்விடும் பகுதி. 1973 முதல் 1977 வரை லோத்தே அணி செண்டாயில் தங்கி ஆடியது, பிறகு போய்விட்டது. அப்புறம் 27 வருஷம் அந்தப் பகுதிக்கென்று ஒரு தொழில்முறை அணி இல்லை. அதனால்தான் அணியின் பெயரில் ஊர்ப் பெயராகச் செண்டாய் இல்லை, முழுப் பகுதியின் பெயரான தொஹோகு முன்னால் நிற்கிறது.

ஆட்டக்காரர்களை எங்கிருந்து பிடித்தார்கள்?

அனுமதி கிடைத்தது நவம்பர் 2. முதல் ஆட்டம் மார்ச் 26. ஐந்து மாதம்கூட இல்லை. அதற்குள் அரங்கம், அலுவலகம், பயிற்சியாளர்கள், சீருடை, எழுபது பேர் கொண்ட அணி எல்லாம் தயாராக வேண்டும்.

ஆட்டக்காரர்கள் வந்த முக்கிய வழி, நவம்பர் 8இல் நடந்த 'பங்கீட்டு டிராஃப்ட்'. இணைந்த ஓரிக்ஸ், கின்தெத்சு இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களையும் ஒரே பட்டியலாக்கினார்கள். அதிலிருந்து தனக்கு வேண்டிய 25 பேரை முதலில் இணைந்த அணியான ஓரிக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டது. மிச்சத்தில் 20 பேரை ரகுடென் எடுத்தது. பிறகு ஓரிக்ஸ் 20, அதன் பிறகு மறுபடி ரகுடென். இரண்டு அணிகளின் வைரங்களைப் பொறுக்கிய பிறகு மீந்ததிலிருந்து ஒரு அணியைக் கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? மற்ற பத்து அணிகள் ஒரு ஆட்டக்காரரைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் புது அணி வந்தால் இருக்கும் எல்லா அணிகளிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ள விதி உண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை.

இவாகுமா ஹிசாஷி வந்தது ரகுடெனின் அதிர்ஷ்டம். 2004இல் கின்தெத்சுவுக்காக 15 வெற்றி, 2 தோல்வி என்று கலக்கிய பிட்சர், வயது 23. ஓரிக்ஸ் அவரைத் தன் 25 பேரில் வைத்திருந்தது. அவர் ஓரிக்ஸுக்குப் போக மாட்டேன் என்று உறுதியாக நின்றார். இழுபறிக்குப் பிறகு டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு ரகுடெனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கின்தெத்சுவின் ஆட்டக்காரர்கள் பிரதிநிதியாக வேலைநிறுத்த நாள்களில் முன்னால் நின்ற இசோபே கோயிச்சியும் ரகுடெனுக்கே வந்தார். நல்ல சம்பளத்தோடு வலுவான அணியில் இருந்திருக்கலாம். தோற்கப்போகிற அணி என்று தெரிந்தே இந்த இருவரும் வந்தார்கள். அந்த சீசனைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

மற்றவர்கள், வேறு அணிகள் கழற்றிவிட்டவர்கள். யமாசாகி தகேஷியை ஓரிக்ஸ் விடுவித்திருந்தது, வயது 36. செகிகாவா கோயிச்சி, ஈதா தெத்சுயா இருவரும் பெரிய அணிகளில் பேர் வாங்கிய அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்பவர்கள்), ஆனால் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். 'புது அணி' என்று படித்துவிட்டு இருபது வயதுப் பையன்களைக் கற்பனை செய்யாதீர்கள். அணிக்குத்தான் வயது குறைவு.

இரண்டாவது ஆட்டத்திலேயே 26–0 என்று தோற்றது உண்மையா?

உண்மை. ஆனால் முதல் ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 26, சீபா கடற்கரை அரங்கம், எதிரணி லோத்தே மரீன்ஸ். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், இவாகுமா ஒன்பதையும் தானே வீசினார். ரகுடென் 3–1 என்று ஜெயித்தது. ஒரு அணி தன் வாழ்க்கையில் ஆடிய முதல் ஆட்டத்தையே ஜெயித்துவிட்டது. இன்னும் ஒரு ஆட்டமும் தோற்காத அணி என்ற பெருமை சரியாக ஒரு ராத்திரி நீடித்தது.

மறுநாள் அதே அரங்கம், அதே லோத்தே. 26–0. ரகுடென் மொத்தம் அடித்தது ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது). இவாகுமாவுக்குப் பிறகு நம்பி இறக்க இரண்டாவது பிட்சர் இல்லை என்பது 24 மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துபோனது. பேஸ்பாலில் ஒரு பிட்சர் வீசினால் அடுத்த ஐந்தாறு நாள் ஓய்வு வேண்டும். ஒரு நல்ல பிட்சரை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள்தான் மானத்தைக் காப்பாற்ற முடியும்.

அன்று அடித்து நொறுக்கிய லோத்தே சாதாரண அணி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதே வருஷம், இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் சீரிஸில் ஹன்ஷின் டைகர்ஸை நாலு ஆட்டத்திலும் தோற்கடித்து சாம்பியன் ஆனார்கள். நாலு ஆட்டத்தின் மொத்த ரன் 33–4. ரகுடெனாவது தன் முதல் நாளில் அவர்களை ஒரு தடவை ஜெயித்தது.

அதன் பிறகு சீசன் எப்படிப் போனது?

ஏப்ரல் 1ஆம் தேதி செண்டாயில் முதல் சொந்த ஊர் ஆட்டம். செய்பு லயன்ஸை 16–5 என்று விரட்டினார்கள். ஊரே கொண்டாடியது.

அப்புறம் ஏப்ரல் பாதியிலிருந்து தொடர்ந்து 11 தோல்வி. மாதக் கடைசியில் நிர்வாகம் பதறிப்போய், அணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருந்த ஜெனரல் மேனேஜர் மார்ட்டி கீனர்ட்டைப் பதவியிலிருந்து இறக்கியது. அமெரிக்கரான அவர் ஜப்பானில் நீண்டகாலம் வாழ்ந்து பேஸ்பால் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர். தலைமை உதவிப் பயிற்சியாளரையும் பேட்டிங் பயிற்சியாளரையும் இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள். ஒரு மாத ஆட்டத்தை வைத்து இந்த முடிவு. எனக்கு அது அவசரமாகத்தான் தெரிகிறது. ஐந்து மாதத்தில் ஒட்டவைத்த அணியை ஒரு பேட்டிங் பயிற்சியாளரா சரிசெய்துவிடுவார்?

கோடை முழுக்க அதே கதைதான். இவாகுமா வருஷக் கடைசியில் 9 வெற்றி, 15 தோல்வி. முந்தின வருஷம் இரண்டே தோல்வி கண்டவர்! அணியின் 38 வெற்றியில் கிட்டத்தட்ட கால்பங்கு அவருடையது. அணிகள் ஆண்டுதோறும் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வந்த முதல் பெரிய நம்பிக்கையான இச்சிபா யசுஹிரோ 2 ஜெயித்து 9 தோற்றார். யமாசாகி மட்டும் 25 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்தார்.

மேனேஜர் தாவோ யசுஷிதான் காரணமா?

பேஸ்பாலில் மேனேஜர் என்றால் தலைமைப் பயிற்சியாளர். தாவோ முன்னாள் சுனிச்சி அணி அவுட்ஃபீல்டர், நல்ல பேட்ஸ்மேன். ஹன்ஷின் அணிக்குப் பேட்டிங் பயிற்சியாளராக இருந்தவர், டிவியில் வர்ணனையும் செய்தார். மேனேஜராக அதற்குமுன் இருந்ததில்லை. அனுபவமில்லாதவரை இந்த வேலைக்குப் போட்டது சரியா என்று கேட்டால், கேட்கலாம். ஆனால் அந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு யார் வந்திருந்தாலும் கடைசி இடம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வருஷம் ஜப்பானின் மிகக் கூர்மையான பேஸ்பால் மூளை என்று பேர் எடுத்த நொமுரா கத்சுயா வந்தார், அவரும் 47 ஜெயித்து 85 தோற்றுக் கடைசி இடத்தில்தான் முடித்தார்.

தாவோவுக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். முதல் வருஷம் முடியும்போதே நீக்கிவிட்டார்கள். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்து தூக்கி மேலே போட்டுப் பிடித்தார்கள். ஜப்பானில் அது கோப்பை ஜெயித்த மேனேஜருக்குச் செய்யும் மரியாதை. கடைசி இடத்தில் முடித்து வேலையும் போன ஒருவருக்கு அதைச் செய்தார்கள் என்றால், அந்த ஓய்வறையில் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு தோற்ற அணியைப் பார்க்க யாராவது வந்தார்களா?

வந்தார்கள், நிறையவே. சொந்த மைதான ஆட்டங்களுக்கு மட்டும் அந்த வருஷம் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர் வந்தார்கள். அணி முதல் வருஷத்திலேயே லாபமும் காட்டியது. பசிபிக் லீக் என்றாலே நஷ்டம் என்று இருந்த காலம் அது. நஷ்டத்தைக் காட்டித்தானே கின்தெத்சுவை மூடினார்கள்?

லாபத்தின் ரகசியம் அரங்கத்தில் இருந்தது. மியாகி மைதானம் 1950இல் கட்டப்பட்டது, மாநில அரசின் சொத்து. பாழடைந்து கிடந்தது. ரகுடென் தன் பணத்தைப் போட்டுப் புதுப்பித்து, பதிலுக்கு அதை நடத்தும் உரிமையைப் பெற்றது. மற்ற பல அணிகள் அரங்கத்துக்கு வாடகை கட்டின. சாப்பாடு, பீர், விளம்பரப் பலகை வருமானம் அரங்க உரிமையாளருக்குப் போனது. ரகுடெனுக்கு அதெல்லாம் அணியின் கைக்கே வந்தது. அரங்கத்தின் பெயரையும் ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். இந்த ஏற்பாடு பிறகு மற்ற அணிகளின் கண்ணையும் திறந்தது.

ஆனால் கணக்கு மட்டும் ஆட்களைக் கூட்டிவராது. அணி தொடங்கும்போதே 10ஆம் எண் சீருடையை யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். களத்தில் ஒன்பது பேர், பத்தாவது ஆள் ரசிகர். தொஹோகு மக்களுக்கு அதுவரை ஜப்பான் பேஸ்பால் என்பது டிவியில் தெரியும் டோக்கியோ சமாச்சாரம். இப்போது தோற்பதற்காவது சொந்தமாக ஒரு அணி இருந்தது. 97 தடவை தோற்கும்போதும் மனசு வலிக்கிற அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால், அந்த ரசிகர் எங்கேயும் போக மாட்டார்.

ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் முதல் வருஷமே கோப்பை வாங்கியதே? இவர்களால் ஏன் முடியவில்லை?

2022இல் குஜராத் வந்தபோது பெரிய ஏலம் நடந்தது. பழைய அணிகள் நாலு பேர் வரைதான் வைத்துக்கொள்ள முடியும், மிச்ச எல்லோரும் பொதுவில் வந்தார்கள். அதற்கு முன்பே புது அணிகளுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். ரகுடெனுக்கு யாரும் பொதுவில் வரவில்லை. அதோடு, ஐபிஎல்லில் லீக் சுற்று 14 ஆட்டம். நல்ல அலை அடித்தால் தாண்டிவிடலாம். 136 ஆட்டத்தில் எந்தப் பலவீனமும் ஒளிந்துகொள்ள முடியாது.

எப்போது தலைநிமிர்ந்தார்கள்?

நொமுரா வந்தது 2005 முடிவில், அப்போது அவருக்கு வயது 70. ஆடிய காலத்தில் 657 ஹோம் ரன் அடித்த கேட்சர். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்களிடம் தன் அணியைப் பற்றியே புலம்புவார். அந்தப் புலம்பல் செய்தியாகும். தோற்ற நாளிலும் ரகுடென் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

2006 டிராஃப்டில்தான் திருப்பம். பள்ளிப் பேஸ்பால் நட்சத்திரம் தனாகா மசாஹிரோவை நாலு அணிகள் கேட்டன, குலுக்கலில் ரகுடெனுக்கு விழுந்தது. அதே வருஷ டிராஃப்டில் ஷிமா மொதோஹிரோ என்ற கேட்சரும் வந்தார். 2007இல் தனாகா சிறந்த புதுமுகம். அதே வருஷம், எல்லோரும் முடிந்துபோனவர் என்று நினைத்த யமாசாகி 38 வயதில் 43 ஹோம் ரன் அடித்து லீக்கிலேயே முதலிடம். அணி நாலாவது இடம். 2008இல் இவாகுமா 21 வெற்றி, 4 தோல்வி. காயத்தோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டிய பிறகு வந்த சீசன் அது. 2009இல் இரண்டாம் இடம். அந்த முடிவோடு நொமுரா விடைபெற்றபோது இரண்டு அணி ஆட்டக்காரர்களும் சேர்ந்து அவரைத் தூக்கிப் போட்டார்கள்.

2011 சுனாமியின்போது அணி எங்கே இருந்தது?

சுனாமி ஒரு கடற்கரையை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2011 மார்ச் 11 அன்று அணி தெற்கே ஹியோகோ மாநிலத்தில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. குடும்பங்கள் செண்டாயில். உடனே ஊர் திரும்பவும் வழியில்லை. அரங்கமும் சேதமானது. ஏப்ரல் 2ஆம் தேதி சப்போரோவில் நடந்த நிவாரண ஆட்டத்துக்கு முன் ஷிமா மைக் முன்னால் நின்று, பேஸ்பாலுக்கு உள்ள சக்தியைக் காட்டுவோம் என்று பேசினார். சீசனின் முதல் ஆட்டத்தில் அவரே ஒரு மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். ஏப்ரல் 29, செண்டாயில் முதல் ஆட்டம். தனாகா முழு ஆட்டமும் வீசி 3–1 என்று ஓரிக்ஸை வென்றார். அந்த வருஷம் ஐந்தாவது இடம்தான்.

2004இல் பத்து அணியாகச் சுருக்கும் திட்டம் நடந்திருந்தால், அந்த ஏப்ரலில் செண்டாயில் ஆட ஒரு அணி இருந்திருக்காது. 2005ஐப் பற்றி யாராவது கேலியாகப் பேசினால் நான் சொல்வது இதைத்தான்.

கோப்பை ஜெயித்தார்களா?

2013இல், ஒன்பதாவது சீசனில். மேனேஜர் ஹோஷினோ செனிச்சி. தனாகா 24 வெற்றி, தோல்வி பூஜ்யம். ஜப்பான் சீரிஸில் எதிரணி யோமியூரி ஜயன்ட்ஸ், அதாவது ஒரே லீக் போதும் என்று 2004இல் முன்னால் நின்ற அதே முகாம். ஆறாவது ஆட்டத்தில் தனாகா 160 பந்து வீசித் தோற்றார், அந்த வருஷத்தின் ஒரே தோல்வி. மறுநாள் நவம்பர் 3, ஏழாவது ஆட்டம், செண்டாய். முதல் ஆறு இன்னிங்ஸை மிமா மனாபு, அடுத்த இரண்டை நொரிமோத்தோ தகாஹிரோ வீசினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மறுபடி தனாகாவே இறங்கினார். 3–0.

2005இன் தூண்களான இவாகுமாவும் யமாசாகியும் அப்போது அணியில் இல்லை. இருவரும் 2011 முடிவில் வெளியேறியிருந்தார்கள். கோப்பைப் புகைப்படத்தில் அவர்கள் இல்லாதது எனக்கு இன்றும் ஒரு குறைதான்.

அந்த அரங்கத்துக்கு இன்று போக முடியுமா?

தாராளமாக. செண்டாய் ரயில் நிலையத்தில் சென்செகி லைன் பிடித்து இரண்டாவது நிறுத்தம் மியாகினொஹாரா. அங்கிருந்து ஐந்து நிமிட நடை. விளம்பர ஒப்பந்தத்துக்கு ஏற்ப அரங்கத்தின் பெயர் அடிக்கடி மாறும், இடம் மாறாது. இடது பக்க ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்காவும் ராட்டினமும் உண்டு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வசதி. மார்ச், ஏப்ரலில் போனால் கனமான ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், திறந்தவெளி அரங்கம், ராத்திரி ஆட்டத்தில் குளிர் எலும்பு வரை போகும்.